சுவரில் தொங்கும் காலங்கள்

வீட்டிலும் கடையிலும் தொங்கும் தமிழ் நாட்காட்டியின் ஒரு வெள்ளிக்கிழமைத் தாளை நின்று நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஆங்கிலத் திகதி, தமிழ்த் திகதி, ஹிஜ்ரிப் பிறை. அதன் கீழே, ராகு காலம் 10.30 முதல் 12.00 வரை. நாம் குளித்து, வெள்ளையுடுத்து ஜும்ஆவுக்கு ஆயத்தமாகும் அதே நேரம்! சூலம், கரிநாள், மேல்நோக்கு நாள், சந்திராஷ்டமம் என்று மற்றவையும் வரிசையாக நிற்கின்றன.

“இதை முஸ்லிம் வீட்டில் மாட்டலாமா சேர்?” என்று எங்களூர் இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கிழித்தெறியுமுன் அந்தத் தாளில் எது நம்பிக்கை, எது அறிவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு வரலாறு உதவும்.

ஹிஜ்ரி 17ஆம் ஆண்டளவில், அதாவது கி.பி. 638இல், கலீபா உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரத்தைத் தொடக்கமாக வைத்து ஆண்டுக் கணக்கை வகுத்தார்கள். பருவத்துக்கு ஏற்ப மாதங்களைத் தள்ளிப்போடும் பழைய அறபு வழக்கத்தைத் திருக்குர்ஆனின் தவ்பா அத்தியாயம் முன்னரே விலக்கியிருந்தது. ஆகவே 354 நாள் கொண்ட பிறையாண்டு, சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் முந்திச் செல்கிறது. நோன்பு ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. கோடையின் நெடும்பகலும் மாரியின் குறும்பகலும் எந்த நாட்டாருக்கும் நிரந்தரமாக விதிக்கப்படவில்லை. வணக்கத்துக்கு இதைவிட நீதியான கணக்கு இல்லை.

ஆனால் காற்று பிறை பார்த்து வீசுவதில்லை. கடலோடிக்கு இன்னொரு கணக்கும் வேண்டியிருந்தது. 15ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற அறபு மாலுமி இப்னு மாஜித், பாய்மரக் கப்பல் புறப்படும் காலங்களை ‘நைரூஸ்’ எனும் பாரசீகப் புத்தாண்டிலிருந்து நாட்களை எண்ணியே குறித்தார். அது இஸ்லாத்துக்கு முந்திய பாரசீகரின் கணக்கு. அதனால் அவருடைய ஈமானில் எவரும் குறை காணவில்லை. நட்சத்திரமே மழை தந்தது என்று சொல்வதைத்தான் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள்; நட்சத்திரத்தைப் பார்த்துத் திசையும் பருவமும் அறிவதை அல்ல. அறபிகள் துறையா என்ற மீன்கூட்டத்தையே நாம் கார்த்திகை என்கிறோம். பருவத்தைக் குறிக்கும் ‘மவ்ஸிம்’ என்ற அறபுச் சொல்லே ஆங்கிலேயர் வாயில் ‘மொன்சூன்’ ஆயிற்று.

மன்னாரின் வாழ்வும் இந்தக் காற்றுக் கணக்கில்தான் நடந்தது. சோளகம் எழுந்தால் தீவின் தென்கரை கொந்தளிக்கும். தொழில் வடகரைக்கு மாறும். வாடை எழுந்தால் வடகரை கொந்தளிக்கும். இரண்டுக்கும் இடையில் கடல் அமரும் மாசி, பங்குனி, சித்திரை நாட்களில்தான் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. கீழக்கரை முஸ்லிம் சுழியோடிகளும் தூத்துக்குடிப் பரதவர்களும் அங்கே ஒன்றாக இறங்கினர்.

அவர்கள் இறங்குமுன் சுறாவின் வாயைக் கட்ட ‘கடற்கட்டி’ மந்திரம் ஓதினார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, மந்திரிப்போருக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாக எழுதுகிறார். 1859இல் வெளிவந்த நூலில் எமர்சன் டெனன்ற் அதே தொழிலைக் குறிப்பிடுகிறார். அப்போதிருந்த கடற்கட்டி ஒரு கத்தோலிக்கர்! மந்திரிப்பவரின் மதம் யாருக்கும் பொருட்டாக இருக்கவில்லை. மூச்சடக்கி இருளில் இறங்குபவனின் அச்சத்துக்கு மதம் ஏது?

நம் பக்கமும் சுத்தமில்லை. ஸபர் மாதம் பீடை என்று கல்யாணத்தைத் தள்ளிவைத்தோம். ஒடுக்கத்துப் புதனன்று எழுதிக் கரைத்த நீரைக் குடித்து, கடலில் குளித்துப் பீடை கழித்தோம். ஸபரில் பீடை இல்லை என்பது நபிமொழி. ராகு காலத்தைப் பார்த்துச் சிரிப்பவர் முதலில் இதையும் பார்க்க வேண்டும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார் மக்கள் பலர் படகுகளில் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தனர். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. கடலை விட்டுக் கூலிக்குப் போனவர்கள் பலர். 2009இல் போர் முடிந்தபின் திரும்பியவர்கள் காணியைத் தேடினார்கள், உறுதியைத் தேடினார்கள். காற்றின் பெயர்களைத் தேட எவருக்கும் நேரமிருக்கவில்லை. என் வகுப்பில் ராகு காலம் எத்தனை மணிக்கு என்று சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கச்சான் எந்தத் திசைக் காற்று, கொண்டல் எந்தத் திசைக் காற்று என்று கேட்டால் வகுப்பே மௌனமாகிவிடுகிறது. கச்சான் என்றால் அவர்களுக்கு நிலக்கடலை மட்டுந்தான்.

கழிக்க வேண்டியது தங்கிவிட்டது. காக்க வேண்டியது கழிந்துவிட்டது. என் கவலை இதுதான். பள்ளிவாசல்கள் ஆண்டுதோறும் தொழுகை நேர நாட்காட்டி அச்சிடுகின்றன. அடுத்த முறை அதில் ராகு காலம் இருந்த இடத்தில் அந்த மாதத்துக் காற்றின் பெயரை, அது கிளம்பும் திசையை, அப்போது தொழில் நடக்கும் கரையை அச்சிடலாம். எருக்கலம்பிட்டியிலும் முசலியிலும் இதைச் சொல்லத் தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.