கல்யாணப் பொண்ணுக்கு ஒரு பெட்டி வேர்

1761 செப்டம்பர். வட ஜெர்மனியோட மெக்லென்பர்க்லேர்ந்து கப்பல்ல வந்த 17 வயசு சார்லட், இங்கிலாந்தோட ஹார்விச் துறைமுகத்துல இறங்குறாங்க. மாப்பிள்ளை மூணாம் ஜார்ஜ் மன்னர். ரெண்டு பேரும் நேர்ல பார்த்துக்கிட்டதே இல்ல. இவங்களுக்கு இங்கிலீஷும் தெரியாது. லண்டன் போற வழியில கோல்செஸ்டர்ல வண்டி நிக்குது. ஊர்க்காரர் ஒருத்தர் ஒரு பெட்டியைக் கொடுக்கிறார். உள்ள சர்க்கரைப் பாகுல ஊறின வேர்த் துண்டுகள். மறுநாள் ராத்திரி கல்யாணம்.

அந்த வேருக்குப் பேர் எரிங்கோ. ஆசையைத் தூண்டும்னு ஐரோப்பாவே நம்பின வேர்! ஷேக்ஸ்பியர் நாடகத்துல ஃபால்ஸ்டாஃப், காதல் மயக்கத்துல வானத்துலேர்ந்து கொட்டணும்னு கேட்கிற ஐட்டங்கள்ல இதுவும் ஒண்ணு. கல்யாணப் பொண்ணு கையில இதைக் கொடுத்தது குசும்பா, இல்ல ஊரோட ஃபேமஸ் ஸ்வீட்ங்கிற மரியாதையான்னு எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

செடியோட பேர் சீ ஹோலி. கடலோர மணல்மேட்டுல வளரும். கேரட் குடும்பம்தான், ஆனா பார்த்தா நம்ப மாட்டீங்க. வெள்ளியும் நீலமும் கலந்த, மெழுகு பூசின மாதிரி இலை. விளிம்பு முழுக்க முள். கோடையில நீலப் பூ. உப்புக்காத்து, கொதிக்கிற மணல், எதுக்கும் அசையாது. காரணம், மணலுக்குள்ள ஒரு மீட்டருக்கும் மேல இறங்குற வேர்.

மனுஷனுக்கு வேணும்னு ஆனதும் அந்த வேர்தான். 1597-ல ஜான் ஜெரார்ட் வெளியிட்ட மூலிகைப் புத்தகத்துலயே இதைப் பாகுல போடுற முறை இருக்கு: வேகவெச்சு, தோலை உரிச்சு, நடுத்தண்டை எடுத்துட்டு, சர்க்கரைப் பாகுல ஊற வைக்கணும். நம்ம இஞ்சி மொரப்பாவுக்கு தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கலாம். 1600-கள்ல கோல்செஸ்டர் மருந்துக்கடைக்காரர் ராபர்ட் பக்ஸ்டன் இதை வியாபாரமாக்கினார். 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் அந்த ஊர்ல எரிங்கோ வித்தாங்க.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. பூவைப் பறிச்சா அடுத்த வருஷம் திரும்பப் பூக்கும். வேரைத் தோண்டினா செடி போச்சு, அது பிடிச்சு வெச்சிருந்த மணலும் சரியுது. ஆடு மாடு வராம இருக்கத்தான் முள். மண்வெட்டிக்கு முள் ஒரு விஷயமா?

மிட்டாய் மறந்துபோச்சு. ஆனா செடிக்கு நிம்மதி கிடைக்கல. காய்ஞ்சாலும் நிறம் போகாதுன்னு பால்டிக் கரைக்கு டூர் வந்தவங்க கொத்துக் கொத்தா பறிச்சாங்க. மணல்மேட்டுல ஏறி மிதிச்சாங்க, கட்டடமும் வந்துது. இன்னிக்கு ஜெர்மனி, போலந்து ரெண்டுலயும் இது சட்டப்படி பாதுகாக்கப்படுற செடி. இங்கிலாந்துல 1981 சட்டப்படி, நிலத்துக்காரர் அனுமதி இல்லாம எந்தக் காட்டுச்செடியையும் வேரோட பிடுங்குறது குற்றம். ராணிக்கே கிஃப்டா போன வேரை இன்னிக்கு அங்க தோண்டணும்னா, முதல்ல யாரோட மணல்னு கேட்டுக்கணும்.