விட்ட குறை, தொட்ட குறை

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால், ஆந்திர எல்லை தாண்டியதும் தடா. கடைப்பலகையில் எழுத்து மாறிவிடும். பேச்சு அவ்வளவு சட்டென்று மாறாது. முற்பிறவிக் காதலைச் சொல்லும் ஒரு தமிழ் நாவலையும் ஒரு தெலுங்குப் படத்தையும் சேர்த்துப் பார்க்க இந்த ஊர் தோதான இடம். நாவல், கல்கியின் ‘சோலைமலை இளவரசி’ (1947). படம், ஆதுர்த்தி சுப்பாராவ் இயக்கிய ‘மூக மனசுலு’ (1964).

1942 ஆகஸ்டு போராட்டத்தில் போலீசாரால் தேடப்படும் குமாரலிங்கம், இடிந்த சோலைமலைக் கோட்டையில் ஒளிகிறான். மணியக்காரர் மகள் பொன்னம்மாள் அவனுக்குச் சோறு கொண்டுவருகிறாள். இடையிடையே, தான் முன்பு மாறனேந்தல் உலகநாதத் தேவராக இருந்ததும், வெள்ளைக்காரருக்குத் தப்பி இதே கோட்டையில் புகுந்து இளவரசி மாணிக்கவல்லியை நேசித்ததும் அவன் கண்முன் விரிகின்றன. அன்று அவள் தந்தை வெள்ளையர் பக்கம். இன்று இவள் தந்தை சர்க்கார் பக்கம்.

‘மூக மனசுலு’வில் கோதாவரி ஓடக்காரன் கோபி (நாகேஸ்வர ராவ்), ஜமீன்தார் மகள் ராதா (சாவித்திரி). ராதா வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட்டு, விதவையாகத் திரும்புகிறாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? படகேறித் தப்பும் இருவரையும் சுழல் விழுங்குகிறது. மறுபிறவியில் புதுமணத் தம்பதியாக அதே ஆற்றுக்கு வருகிறார்கள்.

கல்கிக்கு மறுபிறவி வரலாற்றின் பாக்கி. நாடு அடிமையாக இருக்கும்வரை அதே கோட்டையில் அதே காதல் அதே அடியை மறுபடி வாங்குகிறது. படத்துக்கு அது ஆறுதல். ஆற்றோடு போன கல்யாணம் அடுத்த பிறவியில் நடந்தேறுகிறது. ஆனால் அந்தக் கல்யாணத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். புதுப் பிறவியில் மாப்பிள்ளை ஓடக்காரன் இல்லை. ஓடக்காரனும் ஜமீன்தார் மகளும் சேரும் உலகத்தைப் படம் காட்டவே இல்லை. ஏற்றத்தாழ்வைத் தீர்க்காமல் பிறவியை மாற்றித் தப்பித்துக்கொள்கிறது. கல்கியின் சோகம் கசந்தாலும் கணக்கில் நேர்மையானது.

துக்கத்தைச் சுமக்க ஆள் வைத்த விதத்தில் படம் ஒரு படி மேலே. கோபியை நேசித்த கௌரி (ஜமுனா) அவர்களோடு சாகவுமில்லை, மறுபடி பிறக்கவுமில்லை. கிழவியாகி, அவர்கள் நினைவிடத்தைக் காத்து, அவர்களுக்கே அவர்கள் கதையைச் சொல்கிறாள். காதலர் இருவருக்கும் இரண்டு பிறவி. அவளுக்கு ஒரே பிறவி, அதுவும் காவலுக்கே.

‘மூக மனசுலு’ என்றால் ஊமை மனங்கள். குற்றம் வாய் திறவாத மனத்தின் மேல். 1971இல் சாவித்திரியே இயக்கி, சிவாஜியுடன் நடித்துத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது பெயர் ‘பிராப்தம்’ ஆயிற்று. தடாவைத் தாண்டித் தெற்கே வந்ததும் பழி மனத்தைவிட்டு விதிக்குப் போய்விட்டது. ‘கொடுத்து வைத்தது அவ்வளவுதான்’ என்று பெருமூச்சுவிட்டுவிட்டால், ஊரை யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை அல்லவா?