கறுப்புக் கோட்டைக்குள் ஒரு புள்ளி

கறுப்புக் கோட்டையின் உள்ளே வழிதப்பச் செய்யும் ஒரு நடைபாதைச் சிக்கல் உண்டு. அதற்குள் நான்கு புறமும் அடைபட்ட ஒரு சிறு அறை. கையில் பாலத்தைத் தூக்கிவந்து சுவரின்மேல் கிடத்தினால்தான் அதற்குள் போக முடியும். அங்கே ஒரு புள்ளி கிடக்கிறது. தரையின் சாம்பல் நிறம்தான் அதற்கும். ஆகையால் கண்ணுக்குத் தெரியாது. தற்செயலாக அது கையில் ஒட்டிக்கொண்டால், மஞ்சள் கோட்டைக்குக் கீழேயுள்ள தாழ்வாரத்தின் கிழக்கு எல்லைக்கு அதைக் கொண்டுபோக வேண்டும். வேறு சில பொருள்களும் அவ்விடத்தில் இருக்குமானால் எல்லைக்கோடு நடுங்கத் தொடங்கும். அதன் வழியே நுழைந்துவிடலாம். அப்பால் இருப்பது புதையல் அல்ல. நிறம் மாறிமாறி மின்னும் ஒரு வாசகம்: இதைப் படைத்தவர் வாரன் ராபினெட்.

1980-இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘அட்வென்ச்சர்’ என்னும் வீடியோ விளையாட்டில் இருந்த ரகசியம் இது. வீட்டுத் தொலைக்காட்சியில் செருகி ஆடும் விளையாட்டுகளின் ஆரம்ப காலத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் இரண்டே தொனிகள்தாம் ஒலிக்கின்றன. ஒன்று, இளமை நினைவில் தோயும் ஏக்கம். மற்றொன்று, இன்றைய காட்சி நுட்பத்தோடு ஒப்பிட்டுப் புன்னகைக்கும் பரிவு. இரண்டிலும் அந்த ஆக்கங்களை ஆக்கங்களாகப் பார்க்கும் பார்வை இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவற்றுள் சில இன்றும் ஆடத்தக்கவையாக இருக்கின்றன என்றால் அதற்கு ஏக்கமல்லாத காரணங்கள் இருந்தாக வேண்டும். அவற்றைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இயந்திரத்தைப் பற்றிச் சிறிது. அட்டாரியின் ‘வீடியோ கம்ப்யூட்டர் சிஸ்டம்’ 1977 செப்டம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ‘2600’ என்ற பெயர் அதற்கு 1982-இல்தான் அமைந்தது. மரப்பலகை போன்ற முகப்பும் கறுப்பு உடலும் கொண்ட பெட்டி, ஒரு ஜாய்ஸ்டிக், விளையாட்டுக்கு ஒன்றாகச் செருகி எடுக்கும் கார்ட்ரிட்ஜ். அதன் தற்காலிக நினைவகம் 128 பைட். இன்று இணையத்தில் நாம் தமிழ் எழுதும் யூனிகோட் முறையில் ஒரு திருக்குறளை எழுதிவைத்தாலே அந்த இடம் ஏறக்குறைய நிரம்பிவிடும். ஆட்டக்காரன் எங்கே நிற்கிறான், எத்தனை உயிர் மிச்சம், மதிப்பெண் என்ன, எதிரி எந்தத் திசையில் வருகிறான் என்ற அனைத்தையும் அந்த ஒரு குறளின் இடத்துக்குள் அடக்க வேண்டும். நிரலும் ஓவியங்களும் ஓசைகளும் சேர்ந்து கார்ட்ரிட்ஜில் 4096 பைட்டுக்குள் முடிந்துவிட வேண்டும். தொடக்கத்தில் பலவற்றுக்கு அதில் பாதிதான்.

நினைவகத்தின் வறுமை இன்னொரு விளைவையும் கொண்டுவந்தது. பொதுவாகக் கணினி ஒரு படத்தை முழுமையாக நினைவகத்தில் வரைந்து வைத்துக்கொண்டு பிறகு திரைக்கு அனுப்பும். இந்தப் பெட்டியில் அதற்கு இடமே இல்லை. பழைய தொலைக்காட்சியில் ஒரு மின்கற்றை இடமிருந்து வலமாக, வரிவரியாக, மேலிருந்து கீழாகத் திரையை வருடிச் செல்லும். ஒரு நொடிக்கு அறுபது முறை. அக்கற்றை ஒரு வரியைக் கடக்கும் நேரத்தில் அட்டாரியின் செயலிக்குக் கிடைப்பது 76 துடிப்புகள். அதற்குள் அந்த வரியில் என்ன தோன்ற வேண்டும் என்பதை நிரல் சொல்லியாக வேண்டும். கற்றை அடிவிளிம்பை அடைந்து மீண்டும் உச்சிக்குத் திரும்பும் இடைவெளியில்தான் ஆட்டத்தின் கணக்குகளைப் போட முடியும். இந்நிலையை விரிவாக ஆராய்ந்த நிக் மான்ட்ஃபோர்ட், இயன் போகோஸ்ட் இருவரும் 2009-இல் வெளியிட்ட தம் நூலுக்குக் கற்றையோடு ஓடும் பந்தயம் என்ற பொருளிலேயே தலைப்பு வைத்தார்கள்.

இவ்வளவு இறுக்கமான இயந்திரம் இரண்டு பேர் எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்ளவும் பந்தடிக்கவும் மட்டுமே வடிவமைக்கப்பட்டது. இரண்டு ஆட்டக்காரர்கள், இரண்டு குண்டுகள், ஒரு பந்து, பின்னணியாகக் கட்டம்கட்டமான ஒரு சுவர். வன்பொருளுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். பெட்டியோடு சேர்த்தே விற்கப்பட்ட ‘காம்பட்’ அந்த உலகின் நேரடியான வெளிப்பாடு.

இதில் ஒரு காவியப் பயணத்தை நிகழ்த்தலாம் என்று ராபினெட் நினைத்தார். வில் க்ரௌதர் தொடங்கி டான் வுட்ஸ் விரித்தெழுதிய ‘அட்வென்ச்சர்’ என்ற விளையாட்டு அப்போது பல்கலைக்கழகங்களின் பெரிய கணினிகளில் பரவிக்கொண்டிருந்தது. அதில் படமே கிடையாது. குகையை உரைநடை வருணிக்கும்; ஆடுபவர் சொற்களைத் தட்டச்சு செய்து முன்னேறுவார். அதனை வீட்டுப் பெட்டிக்குக் கொண்டுவர முடியாது என்று மேலதிகாரி தடுத்தும் ராபினெட் கைவிடவில்லை. சொல்லால் ஆன உலகத்தைத் தொடுகையால் ஆன உலகமாக மாற்றினார். ஒரு பொருளை எடுக்க அதைத் தொட்டால் போதும். கதவைத் திறக்கச் சாவியைக் கொண்டுபோய்த் தொட வேண்டும். டிராகனைக் கொல்ல வாள் அதன்மேல் பட வேண்டும். நாயகனுக்கு முகமில்லை, கையில்லை. அவன் ஒரு சதுரம்.

இன்று அதை ஆடிப் பார்ப்பவரை வியக்க வைப்பது அந்தச் சதுரமல்ல, வௌவால். முப்பது அறைகள் கொண்ட அந்த உலகில் ஒரு வௌவால் ஓயாமல் பறந்துகொண்டிருக்கிறது. கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொண்டு வேறொன்றைப் போட்டுவிட்டுப் போகும். நாம் பார்க்காத அறைகளிலும் அது பொருள்களை இடம் மாற்றிக்கொண்டேதான் இருக்கிறது. டிராகன் விழுங்கிவிட்டால் நாயகன் அதன் வயிற்றில் கிடப்பான். ஆட்டத்தை மறுபடி தொடங்காமல் காத்திருந்தால், சில வேளை வௌவால் வந்து டிராகனையே தூக்கிக்கொண்டு பறக்கும். வயிற்றுக்குள் இருந்தபடியே ராச்சியம் முழுவதையும் சுற்றிப் பார்க்கலாம். இக்காட்சியை யாரும் தனியே எழுதி வைக்கவில்லை. வௌவால் எதையும் தூக்கும், டிராகனும் ஒரு பொருளே, விழுங்கப்பட்டவன் டிராகனோடு போவான் என்ற மூன்று விதிகள் சந்திக்கும்போது அது தானாகப் பிறக்கிறது.

என் பார்வையில், காலத்தை வென்ற ஆக்கத்துக்கும் அருங்காட்சியகப் பொருளுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அந்தப் பெட்டியில் ஓர் உலகத்தைச் சேமித்து வைக்க இடமில்லை. அதை ஆளும் விதியைச் சேமிக்கத்தான் இடமிருந்தது. படம் பழசாகிவிடும். நல்ல விதி அவ்வளவு எளிதில் பழசாவதில்லை.

பத்து லட்சம் பிரதிகள் விற்ற அந்த விளையாட்டின் பெட்டியிலோ கையேட்டிலோ ராபினெட்டின் பெயர் இல்லை. 1976-இல் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் அட்டாரியை வாங்கியது. பிறகு ரே கஸார் தலைமைக்கு வந்தார். நிரலாளர்களின் பெயர்களை வெளியே சொல்வதில்லை என்பது நிறுவனத்தின் கொள்கை. கற்பனை, ஓவியம், ஓசை, நிரல் அனைத்தையும் ஒரே ஆள் பல மாதங்கள் உட்கார்ந்து செய்து முடிப்பதே அக்கால வழக்கமாக இருந்தும், பெட்டியின்மேல் நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருந்தது. ராபினெட் யாரிடமும் சொல்லாமல் தன் பெயரை ஓர் அறையில் பூட்டிவைத்துவிட்டு 1979-இல் வேலையை விட்டுப் போனார். விளையாட்டு கடைக்கு வந்தபின் ஒரு சிறுவன் அந்த அறையைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. நீக்குவது செலவு என்பதனால் அது அப்படியே விடப்பட்டது. ஈஸ்டர் பண்டிகையில் குழந்தைகள் தேடியெடுக்கும் முட்டையோடு ஒப்பிட்டு, இத்தகைய ஒளித்துவைப்புகளுக்கு ‘ஈஸ்டர் எக்’ என்ற பெயரும் அப்போது வழங்கலாயிற்று. இதற்கு முன்பே வேறு சிலரும் தம் பெயரை ஒளித்திருந்தார்கள் என்பது பின்னாளில் தெரியவந்தது. ஒரே வேதனை பலரிடமும் இருந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

அதே நிறுவனத்தில் வேறு நால்வர் வேறு வழியைத் தேர்ந்தார்கள். டேவிட் க்ரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லாரி காப்லன் ஆகியோர் தம் ஆக்கங்கள் ஈட்டிய தொகையைச் சுட்டிக்காட்டி, உரிய பங்கும் பெயரும் கேட்டார்கள். பெட்டிகளைப் பூட்டித் தரும் தொழிலாளியைவிட நீங்கள் எவ்விதத்திலும் முக்கியமானவர்கள் அல்லர் என்ற பொருளில் கஸார் பதிலளித்ததாகக் க்ரேன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். நால்வரும் வெளியேறினர். 1979 அக்டோபரில் ஜிம் லெவியைத் தலைவராகக் கொண்டு ‘ஆக்டிவிஷன்’ பிறந்தது. பெட்டியைத் தயாரித்தவர் அல்லாத ஒருவர் அப்பெட்டிக்கு விளையாட்டு எழுதி விற்கும் தொழில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அட்டாரி வழக்குத் தொடுத்தும் அதனைத் தடுக்க இயலவில்லை. ஆக்டிவிஷனின் கையேடுகளில் ஆசிரியரின் படமும் பெயரும், ஆடுபவருக்கு அவர் தரும் குறிப்புகளும் இடம்பெற்றன.

1982-இல் வந்த க்ரேனின் ‘பிட்ஃபால்’ அந்தச் சுதந்திரத்தின் விளைச்சல். காட்டுக்குள் ஓடும் ஒரு மனிதன், இருபது நிமிடம், முப்பத்திரண்டு புதையல்கள், முதலைகளும் சகதியும் தொங்கும் கொடிகளும் நிறைந்த 255 காட்சிகள். இத்தனை காட்சிகளை 4096 பைட்டில் எழுதி வைப்பது நடவாத காரியம். க்ரேன் எழுதியது ஒரு சிறிய எண் சூத்திரம். ஒரே ஒரு பைட். வலப்புறம் ஓடினால் அது ஓர் ஒழுங்கில் மாறி அடுத்த காட்சியை ஆக்கித் தரும். இடப்புறம் ஓடினால் அதே ஒழுங்கு பின்னோக்கிச் சுழன்று விட்டுவந்த காட்சியை மீட்டுத் தரும். காடு எங்கேயும் இல்லை. ஓடுபவனின் காலடியில் அது உருவாகிறது. ஆயினும் ஒவ்வொரு முறையும் அதே காடு. அதனால் அதைக் கற்றுக்கொள்ள முடியும். நிலத்தடிப் பாதையில் ஒரு காட்சியைக் கடந்தால் மேலே மூன்று காட்சிகளைத் தாண்டியதற்குச் சமம். உருளும் மரக்கட்டைகள் வலமிருந்தே வருவதனால், இடப்புறம் ஓடுபவனுக்கு அவை எதிர்ப்படுவதில்லை. நாயகன் வலப்புறம் ஓட வேண்டும் என்ற நம் வழக்கத்தை அந்தக் காடு மெல்லக் கேலி செய்கிறது. நாற்பது லட்சத்துக்கு மேல் விற்றது இவ்விளையாட்டு.

அதே ஆண்டில், முன்பு அட்டாரியில் பணியாற்றிப் பின்னர் ஆக்டிவிஷனில் சேர்ந்திருந்த கேரல் ஷா ‘ரிவர் ரெய்ட்’ எழுதினார். வீடியோ விளையாட்டைத் தொழிலாக வடிவமைத்த முதல் பெண்களுள் ஒருவர் அவர். ஆற்றின்மேல் பறக்கும் ஒரு விமானம். கரையில் மோதினால் அழிவு. எரிபொருள் தீர்ந்தாலும் அழிவு. வழியில் எரிபொருள் கிடங்குகள் மிதக்கின்றன. அவற்றின்மேல் பறந்தால் எரிபொருள் நிரம்பும். சுட்டு வீழ்த்தினால் மதிப்பெண் கிடைக்கும். மெதுவாகப் பறந்தால் அதிகம் நிரம்பும். ஆனால் மெதுவாகப் போகிறவன் அதிக மதிப்பெண் ஈட்ட மாட்டான். ஆசையும் தேவையும் ஒரே பொருளில் வந்து நிற்கும் இந்த இக்கட்டுதான் ஆட்டத்தின் உயிர். இன்றைக்கு முதல்முறையாக ஆடுகிறவரும் மூன்றாம் பாலத்துக்குள் இதை உணர்ந்துவிடுவார். 1984-இல் மேற்கு ஜெர்மனி இதனை இளையோருக்குத் தீங்கானவற்றின் பட்டியலில் சேர்த்தது. அத்தடை 2002-இல்தான் நீங்கியது.

இறுக்கமான இயந்திரமே நல்ல ஆக்கத்தைத் தந்துவிடும் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அதே 1982-இல், அதே பெட்டிக்கு, அதே 4096 பைட்டில் அட்டாரி ‘பாக்-மேன்’ வெளியிட்டது. லட்சக்கணக்கில் விற்றது, ஆனால் இன்று அதை யாரும் விரும்பி ஆடுவதில்லை. காசு போட்டு ஆடும் கடை இயந்திரத்தின் விளையாட்டை அப்படியே நகலெடுக்க முயன்றது அது. நான்கு பேய்களையும் ஒருங்கே காட்டப் பெட்டிக்கு இயலாததால் அவை முறைவைத்துத் தோன்றி மினுக்கிக்கொண்டேயிருந்தன. ராபினெட்டும் மூலத்தை வெளியிலிருந்துதான் எடுத்தார். ஆனால் அவர் அதன் தோற்றத்தை விட்டுவிட்டு உயிரை மட்டும் கொண்டுவந்தார். மொழிபெயர்ப்பின் நுட்பம் அறிந்த வாசகர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

1983-இல் அமெரிக்காவின் வீட்டு விளையாட்டுச் சந்தை சரிந்தது. அவசரத்தில் செய்த தரமற்ற சரக்கு கடைகளில் தேங்கியது. அட்டாரி விற்காத கார்ட்ரிட்ஜுகளை நியூ மெக்ஸிகோவில் அலமோகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் புதைத்தது. 2014-இல் அவற்றைத் தோண்டி எடுத்தபோது உலகச் செய்தியானது. வரலாறு பெரும்பாலும் இந்தப் புதைகுழியைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் புதைக்கப்படாத சிலவும் உண்டு. 2022-இல் வெளிவந்த அட்டாரியின் ஐம்பதாண்டுத் தொகுப்பில் ராபினெட்டின் ‘அட்வென்ச்சர்’ இடம்பெற்றது. 2023-இல் பழைய கார்ட்ரிட்ஜுகளை ஏற்கும் புதிய பெட்டியே வந்தது. ‘ஸ்டெல்லா’ என்ற இலவச மென்பொருள் வழியாகச் சாதாரணக் கணினியிலும் இவற்றை ஆடலாம்.

இயற்பெயர் தெரியாமற்போன சங்கப் புலவர்களை அவர்கள் பாட்டில் வரும் தொடராலேயே அழைத்தார்கள் நம்மவர்கள்: செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார். காலம் அழித்த பெயரைப் பாட்டு திருப்பித் தந்தது. ராபினெட்டின் பெயரை அழித்தது காலமல்ல, ஒரு நிறுவனத்தின் கொள்கை. ஆனால் மீட்பு மட்டும் அதே வழியில்தான் நடந்தது. ஆக்கத்துக்குள் வெகுதூரம் நடந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியைத் தூக்கிச் சுமந்து வந்தவருக்கே அது கிடைத்தது.