தண்டுவட மரப்பு நோயில் தசைவலுப் பயிற்சி

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோயில் தசை இருவழியில் வலுவிழக்கிறது. மூளை, தண்டுவட நரம்பிழைகளின் மயலின் உறையை உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே தாக்குவதால் தசைக்குப் போகும் கட்டளை தடைபடுவது ஒன்று. நடமாட்டம் குறைந்து தசை மெலிவது மற்றொன்று. பயிற்சியால் பெரிதும் மீள்வது இரண்டாவதுதான்.

நெடுங்காலம் மருத்துவர்கள் ஓய்வையே விதித்தனர். உடல் உழைப்புக்குப் பின் நோயாளியின் பார்வை மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊத்தாஃப் 1890இல் விவரித்திருந்தார். உடற்சூடு ஏறினால் உறையிழந்த நரம்பு செய்தி கடத்தத் திணறும். சூடு தணிந்தால் பழைய நிலை திரும்பும். நோய் முற்றுவதன் அறிகுறி அல்ல அது. ஆனாலும் பயிற்சியால் நோய் முற்றிவிடும் என்ற அச்சம் பலரைத் தேவையின்றி முடக்கிப்போட்டது. அமெரிக்காவின் யூட்டாவில் நடந்து 1996இல் வெளிவந்த 15 வார ஆய்வில், பயிற்சி செய்தவர்களின் உடல்திறனும் கைகால் வலுவும் கூடியிருந்தன.

2013ஆம் ஆண்டின் கனடா வழிகாட்டி, லேசான அல்லது நடுத்தரப் பாதிப்புள்ள பெரியவர்களுக்கு வாரம் இருமுறை 30 நிமிட மிதமான ஏரோபிக் பயிற்சியும், இருமுறை வலுப்பயிற்சியும் பரிந்துரைக்கிறது. ஜிம் கட்டாயமில்லை. சுவரோரம் நாற்காலி போட்டு, பாதங்களைச் சற்றே உள்ளிழுத்து, எழுந்து உட்காரலாம். பொத்தென விழாமல் மெல்ல இறங்குவதில்தான் தொடைக்கு நல்ல வேலை. கைகளுக்கு ரப்பர் பட்டை போதும். 10 முதல் 15 தடவை, பிறகு இளைப்பாறல். மின்விசிறியும் குளிர்ந்த நீரும் அருகிலிருப்பது நல்லது. நோய் திடீரெனத் தீவிரமாகும் நாட்களில் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். மீண்டும் தொடங்கும் அளவை இயன்முறை மருத்துவர் முடிவுசெய்வார்.