கூனன் குரிசு: மட்டாஞ்சேரியில் ஒரு சத்தியம்

சென்ற வாரம் உதயம்பேரூர்ச் சங்கத்தோடு நிறுத்தினோம். தோமையார் காலத்திலிருந்தே தங்கள் சபை தொடங்கிற்று என்று நம்பி, சிரியாக் மொழியில் வழிபட்டு, பாரசீகத் திசையிலிருந்து வந்த மேற்றிராணிமாரை ஏற்று வாழ்ந்துவந்த மலையாளத்து நஸ்ராணிகளை, 1599 ஜூன் மாதத்தில் கோவா அதிமேற்றிராணியார் மெனெசிஸ் கூட்டிய அந்தச் சங்கம் போர்த்துக்கீசியரின் மேலாதிக்கத்துக்குள் கொண்டுவந்ததையும், அவர்களுடைய பழைய ஏடுகள் பல தீக்கிரையானதையும் கண்டோம். அந்தத் தீயின் வெம்மை அரை நூற்றாண்டு அடங்கிக் கிடந்து, 1653-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி கொச்சி மட்டாஞ்சேரியில் வெளிப்பட்டது.

விரோதத்தின் வேர் வேத சித்தாந்தத்தைக் காட்டிலும் அதிகாரத்திலேயே ஆழமாக ஊன்றியிருந்தது. தூரதேசத்து மேற்றிராணிமார் குருப்பட்டமும் ஆசீர்வாதமும் அளிக்க, ஜனங்களை வழிநடத்தும் பொறுப்பு அர்க்கதியாக்கோன் எனப்பட்ட சுதேசத் தலைவரிடமே இருந்தது என்பது அச்சமூகத்தின் பழைய சம்பிரதாயம். மதுரையில் ராபர்ட் தெ நோபிலியின் புதுமுறைகளுக்கு ஆதரவளித்தவரும், சிரியாக் மொழி வல்லவருமான ஏசு சபை மேற்றிராணி பிரான்சிஸ் ரோஸ் காலத்திலேயே இவ்வுரிமை குறித்துப் பிணக்கு எழுந்தது. 1641-இல் கார்சியா கொடுங்கல்லூர் அதிமேற்றிராணியாரான பிறகு, அர்க்கதியாக்கோன் தோமாவின் அதிகாரம் மேலும் சுருங்கவே, கீழைத் திருச்சபைகளிலிருந்து ஒரு மேற்றிராணியை அனுப்புமாறு வேண்டி மலையாளத்திலிருந்து கடிதங்கள் சென்றன.

1652-இல் அகத்தல்லா என்ற சிரியா தேசத்து மேற்றிராணி சூரத்தில் வந்திறங்கி, பின்னர் மயிலாப்பூரை அடைந்தார். அங்கே யாத்திரை வந்திருந்த மலையாளத்துச் செம்மாசன்மார் அவரைச் சந்தித்து, அவருடைய கடிதத்தோடு ஊர் திரும்பினார்கள். போர்த்துக்கீசியர் அவரைக் காவலில் வைத்துக் கப்பலேற்றினர். கப்பல் கொச்சித் துறையில் நின்றபோது, அவரைக் கரையிறக்க வேண்டும், அவருடைய பத்திரங்களையாவது சோதித்து உண்மை காண வேண்டும் என்று அர்க்கதியாக்கோனும் திரண்டு வந்த ஜனங்களும் மன்றாடினார்கள். அம்மன்றாட்டு ஏற்கப்படவில்லை, கப்பல் கோவாவுக்குப் போயிற்று. அவரைக் கடலில் மூழ்கடித்துக் கொன்றுவிட்டார்கள் என்ற வதந்தி ஊரெங்கும் பரவியது.

கொச்சிக் கோட்டைக்குள் போர்த்துக்கீசியரின் ஆட்சி நடந்தது. மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவின் பூமி. அங்கிருந்த ஜீவமாதா ஆலயத்தில் கூடியவர்கள், கார்சியாவுக்கும் சம்பாளூர்ப் பாதிரிமார் எனப்பட்ட ஏசு சபையாருக்கும் இனிப் பணிவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். சிலுவையைத் தொட இயலாத பெருந்திரள், அதிற்கட்டிய கயிறுகளைப் பற்றிக்கொண்டு பிரதிக்ஞை செய்ததாகவும், இழுத்த பாரத்தால் சிலுவை வளைந்து கூனன் குரிசு ஆயிற்று என்றும் சொல்வது வழிவழி வந்த ஐதிகம். சிலுவை வளைந்ததோ இல்லையோ, அச்சத்தியத்தால் சமூகம் பிளந்தது என்பது வரலாறு.

அச்சத்தியம் யாருக்கு எதிரானது? ஏசு சபையாருக்கு மட்டுமே என்கிறது கத்தோலிக்க மரபு. ரோமாபுரியின் மேலாதிக்கத்துக்கே என்கிறது மறுமரபு. அர்க்கதியாக்கோனின் ஆலோசகராயிருந்த இட்டித்தொம்மன் கத்தனார் என்ற குருவானவர், ஒரு தரப்பின் ஏடுகளில் பொய்க்கடிதம் புனைந்தவர். மறுதரப்பின் நினைவில் சுதந்திர வீரர். இத்தகைய சிக்கலில் சத்தியத்தின் வாசகத்தை மட்டும் பற்றிக்கொண்டு வாதிடுவதைவிட, சத்தியம் செய்தவர்கள் பின்னர் எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்று பார்ப்பதே ஆராய்ச்சியாளனுக்கு உகந்த வழி என்று நான் கருதுகிறேன்.

அவ்வாண்டு மே 22-இல் ஆலங்காட்டில் பன்னிரண்டு கத்தனார்கள் கைவைத்து அர்க்கதியாக்கோனை மார் தோமா என்ற மேற்றிராணியாக உயர்த்தினார்கள். பிறகு போப்பாண்டவர் அனுப்பிய கார்மலீத்தத் துறவி செபஸ்தியானி, 1663 பிப்ரவரியில் கடுத்துருத்தியில் மார் தோமாவின் உறவினரான பறம்பில் சாண்டியை மேற்றிராணியாக அபிஷேகம் செய்தார். 116 ஆலயங்களில் 84 அவர்பால் சென்றன என்பது வரலாற்றாசிரியர் தரும் கணக்கு. ஏசு சபையாரின் பிடி நீங்கி, சொந்தச் சமூகத்து மேற்றிராணி கிடைத்தவுடன் திரும்பிய இவர்களுடைய கோபம் ரோமாபுரியின்மேல் இருந்திருக்க முடியாது. எஞ்சிய 32 ஆலயங்களோ மார் தோமாவோடு நின்று, 1665-இல் எருசலேமிலிருந்து வந்த மார் கிரிகோரியோசை வரவேற்றன. அவர்களுக்கு அன்றைய பிரிவே முடிவான பிரிவாயிற்று. ஆகவே ஒரே சிலுவையின் முன் ஒரே நாளில் எழுந்த ஒரே குரலுக்குள் இரண்டு சங்கற்பங்கள் இருந்தன என்பதும், இரு மரபுகளும் தத்தம் முன்னோரைப் பற்றி உண்மையே கூறுகின்றன என்பதும் என் முடிபு.

1649-இல் அயர்லாந்தின் திரோகெடா நகரில் ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல்லின் படை நடத்திய படுகொலை இன்றும் அத்தேசத்தாரின் உள்ளத்தில் ஆறாத புண்ணாக இருக்கிறது. மட்டாஞ்சேரியின் அந்நாளோ வாளின் பெயரால் அல்லாமல் கயிற்றின் பெயரால் நினைக்கப்படுவது நம் பாக்கியம். அகத்தல்லா கடலில் மூழ்கடிக்கப்படவில்லை. கோவாவிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, ரோமாபுரி சேருமுன் பாரிஸ் நகரில் காலமானார் என்று பிற்கால ஆராய்ச்சி காட்டுகிறது. வதந்தி பொய், ஆயினும் அதை நம்புவதற்கு ஜனங்களுக்கு ஐம்பதாண்டு அனுபவம் காரணம் தந்திருந்தது. ஒரு மனிதரைக் கரையிறக்கிக் காட்டியிருந்தால் தணிந்திருக்கக்கூடிய கோபத்தை, காட்ட மறுத்த அகம்பாவமே பெருந்தீயாக்கிற்று.

அப்பிளவின் பின்வந்த கிளைப்பிளவுகள் 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும் ஓய்ந்தபாடில்லை. இவ்வரலாற்றைக் கற்க முன்வரும் இளைஞர்கள், தம் முன்னோரின் ஏட்டுக்கு முன்னால் எதிர்த்தரப்பின் ஏட்டைத் திறக்க வேண்டும்; சகோதரர் பகைமையை ஆராய்வதற்கு அதைக் காட்டிலும் நேர்மையான தொடக்கம் இல்லை.

1663 ஜனவரியில் டச்சுக்காரர் கொச்சிக் கோட்டையைக் கைப்பற்றியபோது இவ்விரு பிரிவினரின் நிலை என்னவாயிற்று என்பதை அடுத்த வாரம் காண்போம்.