மாறுவேடத்தில் வந்தவர்கள்



பொற்கைப் பாண்டியன் கதையைப் பள்ளிப் பருவத்திலேயே கேட்டிருப்பீர்கள். மதுரையில் கீரந்தை என்னும் அந்தணன், மனைவியைத் தனியே விட்டு வெளியூர் புறப்பட்டான். அஞ்சிய மனைவியிடம், “அரசன் காவல் உன்னைக் காக்கும்” என்று ஆறுதல் கூறினான். நகர்வலம் வந்த பாண்டியன் காதில் அது விழுந்தது. அன்று முதல் இரவுதோறும் அந்த வீட்டைத் தானே காவல் புரிந்தான். ஒருநாள் உள்ளே ஆண்குரல் கேட்கவே, ஐயுற்றுக் கதவைத் தட்டிவிட்டான். குரலோ, ஊர் திரும்பிய கணவனுடையது! அந்தப் பெண்மீது வீண்பழி வந்துவிடக் கூடாதே என்று, தெருவிலிருந்த கதவுகளையெல்லாம் தட்டிவிட்டு அகன்றான். மறுநாள் அவையில், குற்றம் செய்த கை இது என்று தன் கையைத் தானே வெட்டிக்கொண்டான்.

மாறுவேடத்தில் குடிகளின் நிலையறிந்த அரசர் கதைகள் பல நாடுகளில் உண்டு. பாக்தாத் நகரின் ஹாரூன் அல் ரஷீதைப் பற்றிய கதைகளை அறியாதவர் யார்? ரஷ்யாவின் மகா பீட்டர் 1697ஆம் ஆண்டில் தம் பெயரை மறைத்துக்கொண்டு ஆலந்து நாட்டுக் கப்பல் பட்டறையில் தச்சு வேலை செய்தது கதையன்று, வரலாறு. ஆனால் பாண்டியன் கதையில் மற்றவற்றில் காணாத ஒன்று இருக்கிறது. வேடம் கலைந்த பிறகு தண்டனை பெற்றவன், வேடமிட்டவனேதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மன்னர்கள் போன பின்பும் மாறுவேடம் போகவில்லை. 2009ஆம் ஆண்டு பிரிட்டனில் ‘அண்டர்கவர் பாஸ்’ என்றொரு தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. மாறுவேட முதலாளி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஒரு நிறுவனத்தின் தலைவர் பெயரையும் தோற்றத்தையும் மாற்றிக்கொண்டு, புதிதாக வேலைக்கு வந்தவரைப் போலத் தம் தொழிலாளர்களோடு சில நாள் உழைப்பார். இறுதியில் வேடத்தைக் கலைத்து அவர்களை அழைத்துப் பேசுவார். சிலருக்குப் பதவி உயர்வு, சிலருக்குப் பரிசு. தொழிலாளர் கண்ணீர் விடுவார்கள். தலைவரும் கண் கலங்குவார்.

அமெரிக்காவில் இத்தொடர் 2010ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கியது. முதல் நிகழ்ச்சியில் வந்தவர் குப்பை அகற்றும் பெரிய நிறுவனம் ஒன்றின் தலைவர் லாரி ஓடானல். காற்றில் பறக்கும் காகிதங்களைப் பொறுக்கும் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று அவரையே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்! அது சிரிக்க வேண்டிய இடம். சிரிக்க முடியாத இடங்களும் இருந்தன. குப்பை லாரி ஓட்டிய ஒரு பெண், வழியில் நிறுத்த நேரமில்லாமல், வண்டியிலேயே ஒரு டப்பாவில் சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தது. இன்னோரிடத்தில், உணவு இடைவேளை முடிந்து ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் இரண்டு நிமிடச் சம்பளம் பிடிக்கப்பட்டது. தலைவர் திடுக்கிட்டார். ஆனால் அந்தப் பெண்ணை அப்படி விரட்டிய உற்பத்தி வேகத்தை வகுத்தவர்களில் அவரும் ஒருவர். தாம் போட்ட விதி கீழே எப்படி இறங்குகிறது என்பதைக் காண அவருக்கு ஒரு வேடமும் ஒளிப்படக் கருவியும் தேவைப்பட்டன.

இனி, நம் மண்ணுக்கு வருவோம். மாசாய் வட்டாரத்தில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளுமாகத் தெரியும் இடங்களில் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. பிறகு செம்பனை வந்தது. 1977இல் பாசிர் கூடாங் துறைமுகம் செயல்படத் தொடங்கிய பின் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அப்படி மறைந்துபோன ஒரு தோட்டத்தில்தான் என் பாட்டி பால் வெட்டினார். விசிட்டிங் ஏஜென்ட் வரும் நாளைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வார். தோட்டத்துத் துரையையே மேற்பார்க்க வருகிறவர் அவர். ‘துரைக்குத் துரை’ என்பது பாட்டி வைத்த பெயர். அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே லயங்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். கால்வாய் வெட்டிச் சுத்தம் செய்வார்கள். ஆயாக் கொட்டகைப் பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பாலில் சீனி தூக்கலாக இருக்கும். வந்தவர் காரிலிருந்து இறங்கி, பார்த்து, தலையசைத்துப் போவார். “எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை, சுவரைத்தான் பார்த்தார்” என்பார் பாட்டி.

சொல்லிவிட்டு வருகிறவர் காண்பது சுண்ணாம்புச் சுவரைத்தான். அப்படியானால் உள்ளதைக் காண விரும்பியவர் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு இலங்கை மலையகத்தில் ஒரு தமிழர் விடை கண்டார். அவர் கோ. நடேசய்யர்.

தஞ்சாவூரைச் சேர்ந்த அவர், வணிகர் சங்க வேலையாக 1915ஆம் ஆண்டளவில் இலங்கை சென்றவர். தேயிலைத் தோட்டங்களில் தமிழர் படும் பாட்டைக் கேள்விப்பட்டு நேரில் காண விரும்பினார். தோட்டமோ தனியார் சொத்து. தொழிலாளி குடியிருக்கும் லயமும் அந்தச் சொத்துக்குள்தான் இருந்தது. துரையின் அனுமதியின்றி வெளியார் நுழைந்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடலாம். ஆகவே அவர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் சென்றார்.

இந்த வேடத்தின் பொருத்தத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். புடவை மூட்டையைக் கண்டால் யாரும் விரட்டுவதில்லை. வியாபாரி வாசற்படியில் உட்காருவார், மூட்டையை அவிழ்ப்பார், பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள். விலை பேசும்போதே வீட்டு நிலைமை வெளிவந்துவிடும். “இந்த மாதம் வாங்க முடியாது, சம்பளமெல்லாம் கடனுக்குப் போய்விட்டது” என்று ஒரு பெண் சொன்னால், யாருக்குக் கடன், எவ்வளவு என்று கேட்பது வியாபாரிக்கு இயல்புதானே! ஒரு விசாரணைக் குழு எத்தனை நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலும் அந்தப் பேச்சு அதன் காதில் விழாது.

அங்கே அந்தக் கடன்தான் முக்கியம். ஊரிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த கங்காணியிடம் தொழிலாளி கடன்பட்டிருப்பார். வேறு தோட்டம் போக வேண்டுமானால், கடன் தொகையைக் குறித்த ஒரு ‘துண்டு’ சீட்டு கொடுக்கப்படும். புதிய தோட்டம் அத்தொகையைக் கொடுத்து ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, கைதான் மாறும். இந்தத் துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்கான சட்டம் 1927இல் வந்தது. இவை ஒருவரால் மட்டும் நடந்தவை அல்ல. இந்திய அரசின் நெருக்குதலும் இருந்தது. ஆனால் நடேசய்யர் லயத்தில் கண்டதை மூட்டையோடு கட்டி வைத்துவிடவில்லை. ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய இதழ்களை நடத்தினார். சட்டசபைக்குள் சென்று பேசினார். 1931இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அமைத்தார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் தாமே பாட்டெழுதிக் கூட்டங்களில் பாடினார். படிக்கத் தெரியாத மக்களிடம் பத்திரிகையைவிடப் பாட்டு வேகமாகப் போயிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மலாயாவுக்கு அப்படி வேடமிட்டு வந்தவர் ஒருவரை நான் அறியேன். வெளிப்படையாக வந்தவர் உண்டு. இந்திய அரசின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1936ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தார். சில வாரங்களே தங்கினார். அவருடைய அறிக்கை 1937இல் வெளியாயிற்று. கங்காணி வழி ஆள் சேர்ப்பதை நிறுத்த வேண்டும், பொருளாதார மந்தத்தில் வெட்டப்பட்ட கூலியை ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய அளவுக்கு உயர்த்த வேண்டும் என்றார். நல்ல பரிந்துரைகளே. ஆயினும் தோட்ட நிலைமை பொதுவில் மோசமில்லை என்ற அவருடைய கணிப்பு, இங்கிருந்த இந்தியர் தலைவர்கள் பலருக்கு ஏமாற்றமளித்தது. சாஸ்திரியாரின் நேர்மையை நான் குறை சொல்லவில்லை. அரசாங்க விருந்தினராகத் தோட்டத்துக்குள் வருகிற எவருக்கும் புதுச் சுண்ணாம்புதான் கண்ணில் படும்.

நான்கு ஆண்டுகள் சென்றன. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதன் தலைவர்களில் ஒருவர். மே மாதம் அவரைக் கைது செய்து பின்னர் நாடு கடத்தினார்கள், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர்.

அப்போது அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்தால், எந்த முதலாளியும் வேடமிட்டு வந்து கண்டுபிடிக்க வேண்டிய இரகசியம் அவற்றில் ஒன்றுமில்லை என்பது தெரியும். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி. கள்ளுக்கடைகளை மூட வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும். துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். இவற்றோடு ஒன்று: உறவினரும் நண்பரும் தங்களைப் பார்க்கத் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். புடவை மூட்டை இல்லாமலே.