ஒரு ஆம்ப்ளிஃபயர், நாலு பெட்டி

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரை பிரெஞ்சு கவர்னரே வடம் பிடித்து இழுத்த காலம் உண்டு, தெரியுமா? இப்போது துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். சிறுவயதில் நான் வாய் பிளந்து பார்த்தது தேரை அல்ல, கம்பத்துக்குக் கம்பம் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களை. அத்தனையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் பாடின.

மைக்செட்காரர்களின் ஆம்ப்ளிஃபயரில் 100 வோல்ட் லைன் இருக்கும். குழாய்க்குக் குழாய் சின்ன டிரான்ஸ்ஃபார்மர். வோல்டேஜ் கூடினால் கரண்ட் குறையும், நீண்ட ஒயரிலும் சத்தம் அதிகம் வீணாகாது. குழாய்களின் வாட்ஸைக் கூட்டினால் ஆம்ப்ளிஃபயரின் வாட்ஸைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். பேரேடு எழுதியவனுக்குப் பிடித்த கணக்கு!

வீட்டு செட்டில் அந்த வசதி இல்லை. 8 ஓம் பெட்டி நான்கைப் பக்க இணைப்பில் போட்டால் 2 ஓம், கரண்ட் எகிறும். பாகூரில் நண்பர் வீட்டுக் கல்யாணத்தில் என் செட்டின் அவுட்புட் டிரான்சிஸ்டர் அப்படித்தான் கருகியது. இரண்டிரண்டைத் தொடராக மாட்டி (16 ஓம்), அந்த இரு ஜோடிகளையும் பக்கவாட்டில் சேர்த்தால் மறுபடி 8 ஓம்.

நம் பொங்கல் விழாவுக்கு அதே செட்டைக் கேட்டிருக்கிறீர்கள். தருகிறேன், ஒயரை மட்டும் நான்தான் மாட்டுவேன். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 மணிக்கு அணைப்பதும் நானே.